மூடி வைத்தால் துரு போய்விடுமா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கைக்கு வந்தால் நம் மாணவர்களின் காசு முதலில் எங்கே போகிறது? பளபளக்கும் 'ரிம்'முக்குப் போகிறது. உறுமும் புகைக்குழாய்க்குப் போகிறது. பின்னால் ஒட்டும் சிறகுக்குப் போகிறது. கல்விக் கடன் வங்கிக் கணக்கில் விழுந்த அடுத்த வாரம் விடுதியின் வாகன நிறுத்துமிடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் இதை யாரும் நேரில் காணலாம். அதே கார்களின் பின்பெட்டியைத் திறந்து கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க எத்தனை பேருக்குத் துணிவு இருக்கிறது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் காசு குறைவாக இருப்பவன் பழைய காரில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதன் பின்பெட்டி. நாம் 'பூட்' என்கிறோமே, அதுதான். அதைப் புதுக் கம்பளம் போட்டு மூடக் கூடாது. தகடு தெரியும்வரை சுரண்டி, துருவை எடுத்து, சாயம் பூசி, அதன் பிறகே மூட வேண்டும். கூடுமானவரை அதைத் தன் கையாலேயே செய்ய வேண்டும்.

பின்பெட்டிக்கு ஏன் இந்த முதல் மரியாதை என்று நீங்கள் கேட்கலாம். காரணங்கள் மூன்று. கார் சத்தமில்லாமல் துருப்பிடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. பரப்பு சிறியது என்பதால் செலவு மாணவனுக்குக் கட்டுப்படும். வெளியார் கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால், சாயம் ஒரு துளி வழிந்தாலும் ஊர் சிரிக்காது. தொழில் கற்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

புத்ரா என்ற புத்திரன்

நான் வேலை செய்த கார் என்னுடையதன்று, என் பெரியப்பாவுடையது. 1997ஆம் ஆண்டு புரோட்டோன் புத்ரா. என்னைவிட ஆறு வயது மூத்தது. சிவப்பு நிறம்.

இளையவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. புரோட்டோன் நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் காரான சாகா 1985இல் சாலைக்கு வந்தது. புத்ரா 1996இல் அறிமுகமானது. மிட்சுபிஷி மிராஜ் கூப்பேயை அடிப்படையாகக் கொண்ட இரண்டு கதவுக் கார். அதன் 1.8 லிட்டர் எஞ்சினுக்காகவே இன்றும் அதைத் தேடி அலைபவர்கள் உண்டு. தமிழ் படித்தவர்களுக்கு அந்தக் காலப் புரோட்டோன் பெயர்கள் இன்னொரு வகையிலும் சுவையானவை. வீரா என்றால் வீரன், சத்ரியா என்றால் சத்திரியன், பெர்டானா என்றால் பிரதானம், புத்ரா என்றால் புத்திரன். மலாய்க்கும் தமிழுக்கும் வடமொழி கொடுத்த சொற்கள் ஒரே தொழிற்சாலையின் வாசலில் வந்து நின்றன.

எங்கள் புத்திரனின் பின்பெட்டிக் கதைக்கு வருகிறேன். கம்பளம் ஈரமாக இருந்தது. அதன் கீழே இருந்த அட்டைப் பலகை ஊறிப்போய் விரல் பட்டால் உதிர்ந்தது. உபரிச் சக்கரம் வைக்கும் குழியில் ஒரு விரற்கடை ஆழத்துக்குப் பழுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. குழியின் விளிம்பிலும், பின்விளக்குகளுக்குக் கீழேயும் சாயம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்த்தோம். பெரும்பாலான இடங்களில் 'டங்' என்று கெட்டியான ஓசை வந்தது. அந்த ஓசை இருக்கும்வரை தகடு பிழைக்கும் என்றார் பெரியப்பா.

ஒரு பட்டறையில் விலை கேட்டோம். இரண்டு விலை சொன்னார்கள். துருவை முழுதாக எடுத்துச் சாயம் அடிக்க 850 ரிங்கிட். புதுக் கம்பளமும் புதுப் பலகையும் போட்டுத் தருவதற்கு 250 ரிங்கிட். "பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும்," என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பார்க்கப் புதிதாகத்தான் இருந்திருக்கும்.

துரு எங்கிருந்து வருகிறது?

இரும்பும் தண்ணீரும் காற்றிலுள்ள உயிர்வாயுவும் சேர்ந்தால் துரு உண்டாகும். இது ஆரம்பப்பள்ளி அறிவியல். அதில் நாம் மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் சாயம் கொப்புளித்து மேலே எழும்புகிறது. துரு நுண்துளைகள் நிறைந்தது; ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே துருவின் மேல் சாயம் பூசினால், பூச்சுக்குக் கீழே அதன் வேலை தொடர்ந்து நடக்கும். அதன் மேல் கம்பளமும் போட்டால் இன்னும் மோசம். நனைந்த கம்பளம் என்பது தகட்டின் மேல் போட்ட ஈரத்துணி. நம் நாட்டுப் புழுக்கத்தில் அது காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

எனவே முதல் கேள்வி, 'எந்தச் சாயம்?' என்பதன்று. 'தண்ணீர் எந்த வழியாக வருகிறது?' என்பதே. மூடி ஓரத்து ரப்பர், பின்விளக்கைச் சுற்றியுள்ள மெத்தை, தகடுகள் சேரும் இணைப்பில் பூசிய பசை, இந்த மூன்றும் வயதானால் இறுகி வெடிக்கும். இருபத்தைந்து ஆண்டு மலேசிய வெயிலைத் தாங்கிய ரப்பரிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கண்டுபிடிக்கும் முறைக்குக் காசு தேவையில்லை. பின்பெட்டியைக் காலி செய்து காய வைத்து, உள்ளே முழுவதும் பழைய நாளிதழை விரித்து, மூடியை அடைத்து, வெளியே குழாய்த் தண்ணீரை ஒவ்வோர் இடமாகப் பாய்ச்ச வேண்டும். எந்தத் தாள் நனைந்திருக்கிறதோ, அதற்கு நேர் மேலேதான் பெரும்பாலும் வழி. மூடி ரப்பரைச் சோதிக்கச் சுண்ணக்கட்டி போதும். ரப்பர் முழுக்கச் சுண்ணத்தைத் தேய்த்து மூடியை ஒருமுறை அடைத்துத் திறந்தால், எதிர்த் தகட்டில் வெள்ளைக் கோடு விழும். கோடு விட்டுப்போன இடத்தில் ரப்பர் தொடவில்லை என்று பொருள். எங்கள் காரில் இடப்பக்க விளக்கின் மெத்தையும் மூடி ரப்பரின் ஒரு மூலையும் அகப்பட்டன.

வேலையின் வரிசை

"சாயம் அடிக்கிறது கடைசி வேலை, தம்பி. அதுக்கு முன்னால இருக்கிறதுதான் வேலை." பெரியப்பா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முதல் நாள் சொன்ன சொல் இது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கார்ப் பட்டறைகளில் தகரம் தட்டியும் சாயம் அடித்தும் வாழ்ந்தவர். அவர் சொன்ன வரிசையை, காரணத்தோடு இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்ற வேண்டும். பிறகு கம்பளம், பலகை, பக்கவாட்டு அட்டைகள், விளக்குகள் எல்லாம் வெளியே வர வேண்டும். பல கார்களில் பெட்ரோல் நிரப்பும் குழாய் அந்தப் பக்கவாட்டு அட்டைக்குப் பின்னால்தான் போகிறது. ஆகவே அங்கே தீப்பொறி பறக்கும் எந்தக் கருவியும் ஆகாது.

இரண்டாவது, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னர் நனைத்த துணியால் துடைப்பது. இதைத் தேய்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். பிசுக்கு இருக்கும்போது தேய்த்தால், தேய்த்த கீறல்களுக்குள் அது போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு எந்தச் சாயமும் பிடிக்காது.

மூன்றாவது, சுரண்டுவது. சுரண்டியாலும் கம்பித் தூரிகையாலும் கிளம்பிய துருவை எடுத்த பிறகு 80 எண் உப்புத்தாள், அடுத்து 180, கடைசியில் 320. நல்ல சாயத்துக்கும் வெறும் தகட்டுக்கும் இடையே உள்ள விளிம்பு, கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் தட்டுப்படாத அளவுக்குச் சரிவாக வேண்டும். என் நேரத்தில் பாதிக்கு மேல் இதற்கே போனது.

நான்காவது, குழிகளுக்குள் ஒளிந்திருக்கும் எஞ்சிய துருவுக்குத் துருமாற்றித் திரவம். அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் துருவைக் கருமையான இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். உதிரும் துருவின் மேல் இதை ஊற்றிப் பயனில்லை; சுரண்டி முடித்த இடத்தில்தான் இது வேலை செய்யும். டப்பாவில் எழுதியுள்ள நேரம்வரை பொறுத்திருந்து, அதில் சொன்னபடி துடைத்துவிட்டு, அன்றைக்கே அடிப்பூச்சுப் பூசிவிட வேண்டும். வெறும் இரும்பை நம் நாட்டு ஈரக் காற்றில் ஓர் இரவு விட்டால் காலையில் மீண்டும் செம்மை படர்ந்திருக்கும்.

ஐந்தாவது, அடிப்பூச்சும் சாயமும். காரின் எஞ்சின் பகுதியில் உள்ள சிறு தகட்டில் சாய எண் இருக்கும். கார்ச் சாயக் கடையில் அந்த எண்ணைக் கொடுத்தால் கலந்து தெளிப்பு டப்பாவிலேயே அடைத்துத் தருவார்கள். கனமாக ஒரே தடவை பூசுவதைவிட மெல்லியதாக மூன்று தடவை பூசுவது நல்லது. இடையில் 10 முதல் 15 நிமிடம் விட வேண்டும். காலை வெயில் ஏறிய பிறகு தொடங்கி, பிற்பகல் மழை மேகம் கட்டுவதற்குள் முடிக்க வேண்டும். வேகமாக ஆவியாகும் தின்னர் பூச்சின் மேற்பரப்பைக் குளிர வைக்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து சாயம் வெளுத்து மங்கும்.

இறுதியாக, அடிப்பூச்சு காய்ந்த இணைப்புகளில் புதிய பசை, அதன் மேல் சாயம், புதிய விளக்கு மெத்தை, மாற்று ரப்பர். உபரிச் சக்கரக் குழியின் அடியில் உள்ள ரப்பர் அடைப்பானை மறக்காமல் பொருத்த வேண்டும். சாயம் நன்றாக இறுகும்வரை, ஒரு வாரமாவது, கம்பளம் போடக் கூடாது.

பின்பெட்டியின் உட்புறம் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடலாம். 1960களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் பின்பெட்டிக்குள் புள்ளி புள்ளியாகச் சிதறிய சாயத்தையே தொழிற்சாலையில் அடித்தார்கள். மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. சாமான் உரசினாலும் கீறல் எடுபடாது. பொருள் வைக்கும் இடத்துக்கு உறுதியான பூச்சு போதும்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது?

என் செலவுக் கணக்கை ஒளிவு மறைவின்றித் தருகிறேன். தூரிகையும் சுரண்டியும் 14 ரிங்கிட், உப்புத்தாள் 16, துருமாற்றி 22, தின்னரும் துணியும் 15, அடிப்பூச்சு இரண்டு டப்பா 30, கலந்த சாயம் மூன்று டப்பா 84, இணைப்புப் பசையும் விளக்கு மெத்தைக்கான நுரைப்பட்டையும் 19, பழைய பாகங்கள் விற்கும் 'ஹாஃப் கட்' கடையில் எடுத்த மூடி ரப்பர் 35, கம்பளத் துணி 24, வடிகட்டி பொருத்திய முகமூடி 65, கையுறையும் கண்ணாடியும் 15. மொத்தம் 339 ரிங்கிட்.

இதில் மிச்சம் பிடிக்க வழி உண்டு. கம்பளத்தைக் கடையில் வெட்டித் தரக் கேட்க வேண்டியதில்லை. பழைய கம்பளத்தை நாளிதழ் மேல் வைத்து அளவெடுத்து நாமே வெட்டலாம். ஊறிய பலகைக்குப் பதிலாக வீட்டில் கிடந்த ஒட்டுப்பலகையை அறுத்துப் போட்டோம். தேய்க்கும் இயந்திரம் வாங்கவில்லை. மரத்துண்டில் சுற்றிய உப்புத்தாளும் இரண்டு கைகளும் போதும்.

ஆனால் முகமூடியிலும் கையுறையிலும் கண்ணாடியிலும் போன 80 ரிங்கிட்டை, அதாவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை, மிச்சம் பிடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பின்பெட்டி ஒரு குகை. தலையை உள்ளே விட்டுத்தான் தெளிக்க வேண்டும். துணி முகக்கவரி சாய ஆவியைத் தடுக்காது. ஆவியைப் பிடிக்கும் கரி வடிகட்டி வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டறைகளில் கெட்டியாக்கி கலந்து அடிக்கிறார்களே, அந்த இரண்டு பாகச் சாயத்தை வீட்டில் தெளிக்கவே கூடாது. அந்தக் கெட்டியாக்கியில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. தொழில்வழி வரும் ஆஸ்துமாவுக்கு அது நன்கு அறியப்பட்ட காரணம். அதற்கு வெளியிலிருந்து தூய காற்று செலுத்தும் முகமூடி தேவை. மாணவனின் பட்ஜெட்டுக்கு அது ஒத்துவராது.

தகடு ஓட்டை விழுந்து, பக்கத்திலுள்ள அடிச்சட்டமும் இற்றுப்போயிருந்தால் நம் வேலை அங்கே முடிந்தது. அதைப் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஓட்டையின் மேல் பட்டி பூசிச் சாயம் அடித்து, கம்பளம் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும், துருவை நிறுத்தாது. வாங்குபவரின் குடும்பமும் அந்தக் காரில்தானே நெடுஞ்சாலை ஏறப்போகிறது?

நேரத்துக்கு விலை இல்லையா?

என் நண்பன் ஒருவன் நியாயமான கேள்வி ஒன்றை எழுப்பினான். "நாலு வார இறுதியை இதுல போட்ட. அந்த நேரத்துல பார்ட் டைம் வேலை செஞ்சிருந்தா பட்டறைக்கே காசு கொடுத்திருக்கலாம் லா!"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் செலவிட்டது சுமார் 32 மணி நேரம். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,700 ரிங்கிட். மணிக்கு 8 ரிங்கிட் 72 சென். அதன்படி என் நேரத்தின் விலை 279 ரிங்கிட். பொருள்செலவோடு சேர்த்தால் 618 ரிங்கிட். பட்டறை கேட்ட 850ஐவிடக் குறைவுதான் என்றாலும், பட்டறைக்காரர் என்னைவிட நேர்த்தியாகச் செய்திருப்பார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே காசுக் கணக்கில் பெரிய வெற்றி என்று நான் மார்தட்டவில்லை.

இந்தக் கணக்கு எனக்கு வேறொன்றைக் காட்டியது. 850 ரிங்கிட் என்று கேட்டபோது, 'ஒரு பின்பெட்டிக்கு இவ்வளவா?' என்றுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் சொன்னோம். 32 மணி நேரம் முதுகை வளைத்த பிறகு அந்த விலை எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. நாம் பேரம் பேசிக் குறைக்கும் ஒவ்வொரு நூறு ரிங்கிட்டும் எங்கிருந்து குறைகிறது? துருவைச் சுரண்டும் நேரத்திலிருந்து குறைகிறது. அந்தத் தொழிலாளி வாங்க வேண்டிய முகமூடியிலிருந்து குறைகிறது. மலிவாகக் கேட்பவனுக்குக் கம்பளம்தான் கிடைக்கும்.

படித்த பிள்ளை செய்கிற வேலையா?

எதிர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து, அதுவும் பெரியப்பாவிடமிருந்தே வந்தது.

அவர் பதினேழு வயதில் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துப் பட்டறைக்கு வந்தவர். அந்தக் காலத்தில் மூக்கைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு சாயம் அடித்தார். இன்று மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். சாயம்தான் காரணம் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. ஆனால் இல்லை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. தன் காரைத் தானே தேய்க்க முடியாத நிலையில்தான் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் உப்புத்தாளைக் கையில் எடுத்தபோது சொன்னார்: "இந்தத் தூசில நீ நிக்கக் கூடாதுன்னுதானே உன்னைப் படிக்க வச்சோம்."

இந்தச் சொல்லை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 'எந்தத் தொழிலும் இழிவன்று' என்று மேடையில் முழங்குவது சுலபம். அந்தத் தொழிலில் நுரையீரலைக் கொடுத்தவர் முன்னால் அதைச் சொல்ல நா எழாது. அவருக்கு உழைப்பு வெட்கமாக இருக்கவில்லை. தன் பிள்ளைகள் நோயாளி ஆகக் கூடாது என்ற அச்சம்தான் அப்படிப் பேச வைத்தது.

ஆனாலும் நான் அவரோடு ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். அவரை வருத்தியது தேய்க்கும் வேலையன்று. முகமூடி கொடுக்காத முதலாளிகளும், காற்றோட்டம் இல்லாத கொட்டகையும், 'சீக்கிரம் முடி' என்ற அவசரமும்தான். அந்த நிலைமையிலிருந்து பிள்ளைகளைத் தப்புவிக்கத்தான் கல்வி வேண்டியிருந்தது. ஆனால் தப்பித்த பிள்ளைகளாகிய நாம் அந்த வேலையையே பார்க்கத் தெரியாதவர்களாகிவிட்டோம். நம் வீட்டிலேயே ஒரு தொழில் வல்லுநர் இருப்பது நமக்குத் தெரிவதில்லை. பட்டமளிப்பு விழாவுக்கு அவரை அழைக்கிறோம், புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். 'இதை எப்படிச் செய்வது?' என்று அவரிடம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

முகமூடியை அவருக்குக் காட்டினேன். வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார். முகத்தில் வைத்து மூச்சிழுத்துப் பார்த்தார். "என்ன விலை?" என்றார். "அறுபத்தஞ்சு." சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, எண்பது நம்பர் தாளை எடு," என்றார்.

உப்புத்தாளும் கெர்த்தாஸ் பாசிரும்

நான் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவன். நம்மில் பலரின் பாதையும் இதுதான். தமிழ்ப்பள்ளியில் 'மகிழுந்து' என்று எழுதினேன். வீட்டில் 'காடி' என்றேன். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு கருவிகளும் பொருள்களும் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் எனக்கு அறிமுகமாயின. துரு எனக்குக் 'காராட்'. மணல் ஒட்டிய தாள் 'கெர்த்தாஸ் பாசிர்'.

அந்த நான்கு வாரத்தில்தான் உப்புத்தாள் என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டேன். சொன்னவர் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் பெரியப்பா. 'பட்டி பார்ப்பது', 'பத்த வைப்பது', 'பிசுறு எடுப்பது', 'தகரம் தட்டுவது' என்று சொற்கள் அவர் வாயில் சரளமாக வந்தன. இலக்கியப் போட்டிக்கும் நாடக விழாவுக்கும் நாம் பயன்படுத்தும் தமிழில் இந்தச் சொற்களுக்கு இடம் இல்லை. இப்படிப்பட்ட சொற்கள் பட்டறையில், தச்சுக் கொட்டகையில், தையற்கடையில், சமையற்கட்டில் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. யாரும் எழுதி வைக்கவில்லை என்றால் அவர்களோடு போய்விடும்.

தமிழ் வளர வேண்டும் என்று ஆண்டுதோறும் தீர்மானம் போடுகிறோம். நல்லதுதான். அந்தத் தமிழில் ஒரு தகட்டின் துருவை எடுக்கும் முறையை ஐந்து பக்கம் எழுத முடியாவிட்டால், அது எதில் வளரப்போகிறது? கலைச்சொல் அகராதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வேலை தெரிந்தவர் பக்கத்தில் ஒரு குறிப்பேட்டோடு உட்கார்ந்தால் பாதி அகராதி அங்கேயே இருக்கிறது.

ஆகவே மொழிக் கழக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். அடுத்த தவணையில் ஒரு சனிக்கிழமை காலையைப் பட்டிமன்றத்துக்கு ஒதுக்காமல் இதற்கு ஒதுக்குவோம். நம்மில் யாருடைய பழைய காராவது இருக்கட்டும். நம் வீட்டுப் பெரியவர்களில் தொழில் தெரிந்த ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைப்போம். வழக்கமாகப் பேச்சாளருக்குக் கொடுக்கும் அன்பளிப்பை அவருக்கும் கொடுப்போம். அவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதட்டும், மற்றவர்கள் தேய்க்கட்டும். எழுதியதை அடுத்த ஆண்டிதழில் வெளியிடுவோம். முகமூடிகளுக்கான செலவைக் கழக நிதியிலிருந்து ஒதுக்க வேண்டும் என்பதை மட்டும் செயலவையினர் இப்போதே குறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.